கேரவனுக்குக் கையோடு எடுத்துச்செல்லும் சோலார் பேனல்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேரவனுக்கென்று சோலார் பேனல் வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அதே எண்தான். ஆனால் பொழுது சாயும்போது பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. பேனலை எவ்வளவு தூரம் கொண்டுபோய் வெயிலில் வைக்க முடிகிறது, அங்கிருந்து பேட்டரி வரை வரும் ஒயர் எவ்வளவு தடிமன், நடுவில் நின்று பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் எந்த இடத்தில் இருக்கிறது, அன்றாடம் அதை எடுத்து விரித்து மறுபடி மடித்து வைக்க மனம் வருகிறதா என்ற நான்கும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. வாட் கணக்கு அவசியம்தான் என்றாலும், அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு மற்றவற்றைக் கவனிக்காமல் விட்டவரைவிட, சற்றுக் குறைந்த வாட்டில் வாங்கி மற்றவற்றைச் சரியாக அமைத்துக்கொண்டவருக்கே அதிக மின்சாரம் கிடைக்கும்.

எடுத்துச்செல்லும் பேனல் உங்களுக்கு ஏற்றதுதானா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டிக்குள் வெப்பம் ஏறாமல் இருக்க நிழலில் நிறுத்த வேண்டும். கூரையில் பொருத்திய பேனல் வேலை செய்ய வேண்டுமானால் வெயிலில் நிறுத்த வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இருக்க, தனியே எடுத்து வைக்கும் பேனல் உதவுகிறது. தவிரவும், கூரைப் பேனல் பெரும்பாலும் படுக்கையாகவே கிடக்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, படுக்கையாகக் கிடக்கும் பேனலின் மேல் விழும் நேரடி வெயில், சூரியனை நோக்கி நிமிர்த்தி வைத்த பேனலின் மேல் விழுவதில் பாதிதான். குளிர்காலத்திலும், காலை மாலை வேளைகளிலும் நிமிர்த்தி வைக்கக்கூடிய பேனலுக்கு இதனால் பெரிய அனுகூலம் உண்டு. ஆனால் அது வண்டி ஓடும்போது எதையும் தராது. நாள் முழுவதும் பயணம் செய்து இரவில் மட்டும் தங்குகிறவர்களுக்குக் கூரைப் பேனலோ, வண்டியின் இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜரோதான் பொருந்தும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள்கள் தங்குகிறவர்களுக்குத்தான் எடுத்துவைக்கும் பேனல் தன் முழுப் பயனையும் தருகிறது.

ஒரு நாள் செலவைக் கணக்கிடுதல்

வாட் எத்தனை வேண்டும் என்பதை உங்கள் வண்டிக்குள் இருக்கும் கருவிகளிலிருந்து தொடங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் இழுக்கும் வாட்டை, அது ஓடும் மணிக்கணக்கால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கிறது என்றும், நாளில் 40 சதவீத நேரம் மட்டும் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால் அதற்கு 432 வாட்-மணி ஆகும். 5 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, தலா 4 மணி நேரம் எரிந்தால் 80. 25 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 200. 60 வாட் லேப்டாப் 3 மணி நேரத்திற்கு 180. இரண்டு கைப்பேசிகளுக்கு ஏறக்குறைய 30. தண்ணீர் பம்பு 60 வாட்டில் 20 நிமிடம் ஓடினால் 20. மொத்தம் 942 வாட்-மணி. சுலபத்திற்காக 1000 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்க மறந்துவிடுவது இன்வெர்ட்டரைத்தான். எதையும் செருகாமல் சும்மா இயங்கும் நிலையிலேயே அது 10 வாட் இழுக்கிறது என்றால், நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் 240 வாட்-மணி வீணாகும். இது மேலே சொன்ன மின்விசிறியின் செலவைவிட அதிகம். ஆகவே லேப்டாப்பை 12 வோல்ட் சார்ஜரிலோ யுஎஸ்பி-சி வழியாகவோ சார்ஜ் செய்ய முடியுமானால் அப்படியே செய்வது நல்லது; இன்வெர்ட்டர் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஏசி, மின்சார அடுப்பு, கெட்டில் போன்றவை ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடியவை. கையில் தூக்கி வைக்கும் பேனலை நம்பி அவற்றை ஓட்டத் திட்டமிட வேண்டாம்.

அடுத்து, செல்லும் இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேர முழு வெயில் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். வெயில் காயும் மொத்த நேரத்தை இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற உச்ச வெயிலுக்குச் சமமாக்கிச் சொல்லப்படும் மணிக்கணக்கு இது. கோடையில் வானம் தெளிவாக இருந்தால் 5 அல்லது 6 மணி நேரம் கிடைக்கும். பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள பகுதிகளில் குளிர்காலத்தில் 2 மணி நேரத்திற்கும் கீழே போகும். ஒயர், கன்ட்ரோலர், வெப்பம், தூசி ஆகியவற்றால் ஆகும் இழப்புக்காக 0.7 என்ற பெருக்கு எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் செலவு 1000 வாட்-மணி, வெயில் 5 மணி நேரம் என்றால், 1000 ஐ 3.5 ஆல் வகுக்க 286 வாட் வருகிறது. அதே செலவுக்கு 3 மணி நேர வெயில்தான் கிடைக்கும் என்றால் 476 வாட் தேவைப்படும். எந்தப் பருவத்தில் அதிகம் பயணம் செய்கிறீர்களோ அந்தப் பருவத்திற்கான எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். ஆண்டுச் சராசரி இங்கே உதவாது.

பேனலில் இருந்து வருவதைப் பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும். அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அதே அளவுள்ள லெட் ஆசிட் பேட்டரியில் ஆயுள் குறையாமல் இருக்கப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால், கைக்கு வருவது ஏறக்குறைய 600 வாட்-மணிதான். சிறிய லெட் ஆசிட் பேட்டரியை வைத்துக்கொண்டு 400 வாட் பேனல் வாங்கினால், நண்பகலுக்குள் பேட்டரி நிறைந்து, மீதி வெயில் யாருக்கும் பயனில்லாமல் போகும்.

அச்சிட்ட வாட்டும் கிடைக்கும் வாட்டும்

பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட், ஆய்வகத்தில் அளந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி என்ற நிலையில் எடுத்த அளவு அது. வெளியே நல்ல வெயிலில் வைத்த பேனலின் செல்கள் 60, 65 டிகிரி வரை சூடேறுவது சாதாரணம். சிலிக்கான் செல்லின் திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும் என்பதால், 65 டிகிரியில் 14 சதவீதம் அப்போதே போய்விடுகிறது. இதோடு சாய்வு, தூசி, ஒயர் இழப்பு எல்லாம் சேரும்போது, 100 வாட் பேனலிலிருந்து நண்பகலில் 70 முதல் 80 வாட் வந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். பேனலின் பின்புறம் காற்றோட்டம் இருந்தால் சூடு குறையும்; அதனால் தரையில் விரித்துப் போடுவதைவிடக் கால்களில் நிறுத்தி வைப்பது நல்லது.

இது இயல்பான இழப்பு. விளம்பரத்தில் சொல்லும் பொய் வேறு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வாங்குகிற ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேனலை விரித்தபின் உள்ள நீள அகலத்தை மீட்டரில் எடுத்துப் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் விழும் முழு வெயில் 1000 வாட். இன்றைய நல்ல மோனோகிரிஸ்டலைன் (ஒற்றைப் படிகச் சிலிக்கான்) செல்கள் அதில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக்கும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 220 வாட். துணியில் தைத்த பேனலில் ஓரங்களும் மடிப்புகளும் இடத்தை எடுத்துக்கொள்வதால் இதற்கும் குறைவாகவே வரும். 1.2 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் உள்ள பேனலை 400 வாட் என்று விற்றால், அதன் பரப்பு 0.72 சதுர மீட்டர், அதன்மேல் விழும் வெயிலே 720 வாட்தான். அதிலிருந்து 400 வாட் எடுக்க 55 சதவீதத்துக்கும் மேல் செயல்திறன் வேண்டும். சாதாரண சிலிக்கான் செல்லுக்குக் கோட்பாட்டளவிலேயே உச்ச எல்லை ஏறக்குறைய 29 சதவீதம் என்பதால், அந்தப் பேனல் அதிகம் போனால் 150 வாட் தரும் என்று கடையிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பேனலின் லேபிளில் திறந்த மின்னழுத்தம் (Voc: எதிலும் இணைக்காதபோது இருக்கும் வோல்ட்), குறுக்குச்சுற்று மின்னோட்டம் (Isc: இரு முனைகளையும் நேராக இணைத்தால் பாயும் ஆம்பியர்) என்று இரண்டு எண்கள் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் பெருக்கி வருவதில் 70 முதல் 80 சதவீதம்தான் உண்மையான வாட். 22 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் பெருக்குத்தொகை 132. 100 வாட் என்று சொல்வது நியாயம். இந்த எண்களையே போடாத பேனலை நான் வாங்க மாட்டேன், வேறு யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

மடிப்பதா, சூட்கேஸா

சந்தையில் இரண்டு வகைகள்தான் முக்கியமானவை. ஒன்று, கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட இரு பேனல்களைக் கீல் வைத்து இணைத்து, சூட்கேஸ் போல மூடக்கூடியது. மற்றொன்று, மெல்லிய செல்களைத் துணியில் தைத்து மூன்றாகவோ நான்காகவோ மடிப்பது. கூரையில் ஒட்டுவதற்கான வளையும் பேனல்களையும் சிலர் எடுத்துச்செல்லும் பேனல் என்று விற்கிறார்கள். அடிக்கடி வளைத்துக் கையாண்டால் அவற்றின் செல்களில் விரிசல் விழும் என்பதால் இந்த வேலைக்கு அவை வேண்டாம்.

சூட்கேஸ் வகை கனமானது. 100 வாட் பேனலே கால்களும் கன்ட்ரோலரும் சேர்த்து 10 கிலோவுக்கு மேல் வரும். 200 வாட் என்றால் 20 கிலோவை நெருங்கும். துணி வகையில் 100 வாட்டுக்கு 4, 5 கிலோ போதும். ஆனால் கண்ணாடிப் பேனல் வெயிலையும் மழையையும் பல ஆண்டுகள் தாங்கும். கனம் இருப்பதால் லேசான காற்றில் நகராது. துணிப் பேனலில் தையலும், மடிப்பின் உள்ளே செல்லும் மெல்லிய கடத்திகளும்தான் முதலில் கெடும். கடையில் பார்க்கும்போது பேனலை முழுவதும் விரித்து, மடிப்புக்கோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ஒயர் தளர்வாக வளைய இடம் விட்டிருக்கிறார்களா, ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் பிடிப்பு இருக்கிறதா, கால்களைத் தாங்கும் துணிப்பட்டை இரட்டைத் தையலா என்று கவனியுங்கள். மேற்பூச்சு ஈடிஎஃப்இ என்ற பொருளாக இருந்தால் நல்லது. விலை குறைந்த பெட் (PET) பிளாஸ்டிக் பூச்சு புற ஊதாக் கதிரால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கிவிடும்.

நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்குச் சூட்கேஸும், சிறிய வண்டியில் அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்குத் துணி வகையும் ஏற்றவை என்பது என் கணிப்பு. இரண்டிலும் எதை எடுத்தாலும், 200 வாட்டாக ஒரே பேனல் வாங்குவதைவிட 100 வாட்டாக இரண்டு வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். ஒரு கையால் தூக்கலாம். மரங்களுக்கிடையே வெயில் திட்டுத்திட்டாக விழும் இடத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திட்டில் வைக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். மடித்தபின் உள்ள அளவை உங்கள் வண்டியின் பொருள் அறையின் கதவளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இடம் இருந்தும் கதவு வழியே நுழையாத பேனலால் பயனில்லை.

கன்ட்ரோலர் இருக்கும் இடமும் ஒயரின் தடிமனும்

பேனலை நேராகப் பேட்டரியில் இணைக்கக் கூடாது. இடையே சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். பிடபிள்யூஎம் வகை மலிவானது. அது பேனலின் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல், 13 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்கு இதன் வழியே அனுப்புவது 72 வாட் அளவுதான். எம்பிபிடி வகை, மிகுதியாக உள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தருவதால் இந்த இழப்பு பெரும்பாலும் இருக்காது. கடும் வெப்பத்தில் பேனலின் மின்னழுத்தமே தாழ்ந்துவிடுவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கும், குளிரில் விரியும். 100 வாட் அளவுக்குப் பிடபிள்யூஎம் போதும் என்று சொல்வோரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. 200 வாட்டுக்கு மேல் போனால் எம்பிபிடிக்குச் செலவழிப்பதே சரி.

ஆனால் எந்த வகை என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயம். சூட்கேஸ் பேனல்கள் பலவற்றில் கன்ட்ரோலரைப் பேனலின் முதுகிலேயே பொருத்தி விற்கிறார்கள். பார்க்க வசதியாக இருக்கும். வண்டியை நிழலில் விட்டு, பேனலை 10 மீட்டர் தள்ளி வெயிலில் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்பு ஒயரை இழுக்கிறீர்கள் என்று கொள்வோம். போக வர 20 மீட்டர் ஒயரின் மின்தடை ஏறக்குறைய 0.14 ஓம். 200 வாட் பேனலிலிருந்து 11 ஆம்பியர் போகும்போது இந்த ஒயரிலேயே 1.5 வோல்ட் விழுந்துவிடும். பேனலின் முதுகில் இருக்கும் கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் இருப்பதைப் பார்த்து, பேட்டரி நிறையப்போகிறது என்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் முனையில் இருப்பது 12.9 வோல்ட்தான். வெயில் இருந்தும், பேனல் நன்றாக இருந்தும், பேட்டரி நிறையாமல் நிற்பதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுதான்.

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகே, முடிந்தால் ஒரு மீட்டருக்குள், வைத்துவிட்டால் அது பேட்டரியின் உண்மையான மின்னழுத்தத்தைப் பார்க்கும். நீண்ட ஒயர் அப்போது பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வருகிறது. எம்பிபிடி கன்ட்ரோலர் இருந்து, இரண்டு 100 வாட் பேனல்களைத் தொடராக (ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு; வோல்ட் கூடும்) இணைத்தால், அதே ஒயரில் 36 வோல்ட்டில் 5.5 ஆம்பியர்தான் போகும், விழுவது 0.77 வோல்ட், அதாவது 2 சதவீதம். இணையாக (நேரோடு நேர், எதிரோடு எதிர்; ஆம்பியர் கூடும்) இணைத்தால் 18 வோல்ட்டில் 1.5 வோல்ட் விழுந்து, இழப்பு 8 சதவீதத்தைத் தாண்டும். இணையாக இணைப்பதாக இருந்தால் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுங்கள். இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். முதுகில் கன்ட்ரோலர் உள்ள பேனலை ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதைக் கழற்றி வண்டிக்குள் பேட்டரிக்கு அருகே பொருத்திக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றில் இது நான்கு திருகாணி வேலைதான். ஆனால் பல கன்ட்ரோலர்கள் நீர் புகாதவை அல்ல என்பதால் உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர் இணைப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. குளிரில் பேனலின் திறந்த மின்னழுத்தம் ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம். லேபிளில் 22 வோல்ட் என்றிருப்பது, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் 24.3 வோல்ட் ஆகிவிடும். இரண்டைத் தொடராக இணைத்தால் 48.6. கன்ட்ரோலரின் உச்ச வரம்பு 50 வோல்ட் என்றால் மிக அருகில் வந்துவிட்டோம். வரம்பை ஒரு முறை மீறினாலே கன்ட்ரோலர் போய்விடக்கூடும். 75 அல்லது 100 வோல்ட் வரம்புள்ளதை எடுப்பது பாதுகாப்பு.

கன்ட்ரோலரில் உங்கள் பேட்டரி வகைக்கான அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை சார்ஜ் மின்னழுத்தம் வேண்டும். லெட் ஆசிட்டுக்கான ஈக்வலைசேஷன் என்ற உயர் மின்னழுத்தச் சுற்றை அதற்கு அணைத்துவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரியின் உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று அதைத் தடுக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பேனலைக் கழற்ற வேண்டும். பேனல் ஒயர்களின் முனையில் இருக்கும் எம்சி4 இணைப்பிகளை மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது பிடுங்கினால் தீப்பொறி பாய்ந்து முனை கருகும். பேனலைக் குப்புறக் கவிழ்த்தோ துணி போட்டு மூடியோ பிறகு கழற்றுங்கள். பேட்டரியின் நேர்முனைக்கு அருகே ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அதன் அளவு கன்ட்ரோலரின் வெளியீட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழாகவும் இருக்க வேண்டும். சில வண்டிகளில் பக்கவாட்டில் சோலாருக்கென்று எஸ்ஏஇ எனப்படும் தட்டையான இருமுனை இணைப்புத் துளை கொடுத்திருப்பார்கள். அதன் நேர், எதிர் முனைகள் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மல்டிமீட்டரில் பார்க்காமல் எதையும் செருக வேண்டாம். அந்தத் துளைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பேனலுக்கு இரண்டு கன்ட்ரோலர்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

பவர் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு

பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய கையடக்கப் பவர் ஸ்டேஷனுக்குள்ளேயே கன்ட்ரோலர் இருப்பதால், கன்ட்ரோலர் இல்லாத வெறும் பேனலையே அதில் இணைக்க வேண்டும். அதன் உள்ளீட்டு மின்னழுத்த வரம்பையும் ஆம்பியர் வரம்பையும் சேர்த்துப் படியுங்கள். வரம்பு 30 வோல்ட் என்றால், இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்து 44 வோல்ட் கொடுப்பது கருவியைக் கெடுத்துவிடும். வரம்பு 60 வோல்ட், 8 ஆம்பியர் என்றால் நிலைமை வேறு: இணையாக இணைத்தால் 18 வோல்ட்டில் 8 ஆம்பியர், அதாவது 144 வாட்டுக்கு மேல் உள்ளே போகாது; தொடராக இணைத்தால் 200 வாட்டும் போகும்.

நிழலும் காற்றும்

பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லை முழுவதும் ஓர் இலை மறைத்தாலே அந்தத் தொடரின் மின்னோட்டம் தடைபடும். பைபாஸ் டையோடு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி வேலை செய்யும். அதனால் பேனலின் ஓரத்தில் விழும் கயிற்றின் நிழல், ஆன்டெனாவின் நிழல் போன்றவற்றைக்கூடப் பொருட்படுத்த வேண்டும். மரங்கள் உள்ள இடத்தில் இணை இணைப்பும், வெட்டவெளியில் தொடர் இணைப்பும் பொருத்தம்.

சூரியனைப் பின்தொடர்ந்து பேனலை ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. திசை 30 டிகிரி விலகியிருந்தாலும் நேரடி வெயிலில் இழப்பு 13 சதவீதம்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும். திருப்பும்போது சூரியன் இருக்கும் திசையில் வைக்காமல், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அது வந்து நிற்கும் திசையில் வையுங்கள். அப்படி வைத்தால் எந்த நேரத்திலும் விலகல் 23 டிகிரியைத் தாண்டாது, இழப்பும் 8 சதவீதத்துக்குள் நிற்கும்.

காற்றைத்தான் பலரும் குறைவாக எடைபோடுகிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பேனலைத் தள்ளும் விசை 12 கிலோ எடைக்கும் மேல். 5 கிலோ துணிப் பேனலை அது பட்டம்போல் தூக்கிவிடும். மூலைகளில் உலோக வளையங்கள் உள்ள பேனலாக வாங்கி, முளை அடித்தோ தண்ணீர் நிரப்பிய கேன்களில் கட்டியோ வையுங்கள். சூட்கேஸ் வகையின் கால்களில் முளைக்கான துளை இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக்கு அஞ்சுகிற இடத்தில் சட்டத்தின் துளை வழியே எஃகுக் கேபிள் பூட்டுப் போடலாம். துணிப் பேனலை இரவில் உள்ளே எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்க ஐபி67 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பின்புறமுள்ள இணைப்புப் பெட்டிக்கு மட்டும்தான். யுஎஸ்பி துளைகள் கொண்ட துணிப் பேனலை மழையில் விடக் கூடாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் உலோக முனைகளில் துரு ஏறும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள், மேகமில்லாத ஒரு நண்பகலில் பேனலைச் சூரியனுக்கு நேராக நிறுத்தி, எதிலும் இணைக்காமல் மல்டிமீட்டரில் திறந்த மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சூடேறிய பேனலில் லேபிளில் உள்ளதைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவாக வருவது இயல்பு. அடுத்து குறுக்குச்சுற்று மின்னோட்டம். பேனலின் இரு முனைகளை மீட்டரின் ஆம்பியர் துளை வழியே இணைப்பதால் பேனலுக்குக் கேடு இல்லை. ஆனால் இதே சோதனையைப் பேட்டரியின் முனைகளில் ஒருபோதும் செய்யக் கூடாது. பல மல்டிமீட்டர்களின் வரம்பு 10 ஆம்பியர்தான் என்பதால், இணையாக இணைத்த 200 வாட் பேனலில் 12 ஆம்பியர் வரும்போது மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒவ்வொரு பேனலாகத் தனித்தனியே அளக்கலாம், அல்லது நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்தலாம். லேபிளில் உள்ளதில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பேனல் சரி. அதற்கும் கீழே வந்தால், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் அப்படியே வந்தால், மீட்டரின் எண்ணும் லேபிளும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, பேனலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேனல் இந்தச் சோதனையில் தேறிய பிறகு, உங்கள் ஒயர், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் இணைத்து, பேட்டரி பாதி இறங்கிய நிலையில் கன்ட்ரோலரின் முனையிலும் பேட்டரியின் முனையிலும் உள்ள மின்னழுத்தத்தை ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தத் துண்டு ஒயரையோ அதன் இணைப்பிகளையோ மாற்ற வேண்டும். எந்த இணைப்பி கையால் தொட்டால் சுடுகிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள்.